முப்புரி கண்ட அறிஞர் ஜி. என். இராமச்சந்திரன்

நுழையும்முன்

நோயுற்ற இடத்தை மருந்து சென்று சேரவேண்டும். அதனைச் சுமந்து சென்ற கூடு, வேலை முடிந்தபின் உடலுக்குத் தீங்கின்றிக் கரைந்து மறையவேண்டும். இத்தகைய கூடுகளை அமினோ அமிலச் சங்கிலிகளைக் கொண்டு உருவாக்க அறிவியலார் உலகெங்கும் முயன்று வருகின்றனர். அச்சங்கிலி எவ்வாறெல்லாம் வளையும், எவ்வாறு வளையாது என்பதை ஒரு சிறிய வரைபடமாக வகுத்துத் தந்தவர், கேரளத்தில் பிறந்த ஒரு தமிழர். அவருடைய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

உடலுக்குள் வாழும் பொருள்கள்

திருவனந்தபுரத்தின் பூஜப்புரைப் பகுதியில் பழைய அரண்மனை வளாகம் ஒன்று உள்ளது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் வாழ்ந்த அவ்விடத்தில் இன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுப்பிரிவு இயங்குகிறது. மனித உடலுக்குள் பொருத்தத்தக்க பொருள்களை உருவாக்குவதும் சோதிப்பதும் அங்குள்ளோரின் பணி. அந்நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வு 1990ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவ்வால்வினால் பயன் பெற்றுள்ளனர்.

உடலுக்குள் செல்லும் பொருள்களை இருவகையாகப் பிரிக்கலாம். இதய வால்வு போன்றவை நெடுங்காலம் தேயாமல் நிலைத்திருக்கவேண்டும். மருந்தைச் சுமந்து செல்லும் கூடு போன்றவையோ தம் கடமை முடிந்ததும் மறைந்துவிடவேண்டும். உடலில் தங்கிவிடும் கூடு நாளடைவில் தானே ஒரு நோயாக மாறக்கூடும். ஆகவே, உடல் தானாகவே சிதைத்து ஏற்றுக்கொள்ளும் பொருள் எது என்னும் வினா எழுந்தது. அதற்குரிய விடைகளுள் ஒன்று உடலுக்குள்ளேயே இருந்தது. அது புரதம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. பூக்களைத் தொடுப்பதுபோல, இருபது வகை அமினோ அமிலங்களை வெவ்வேறு வரிசையில் தொடுத்து இயற்கை எண்ணற்ற புரதங்களைப் படைக்கிறது. இச்சங்கிலிக்குப் பாலிபெப்டைடு என்பது வேதியியலார் வழங்கும் பெயர். நீண்டு கிடக்கும் சங்கிலிக்குத் தனியே ஆற்றல் இல்லை. அது எவ்வடிவில் மடிகிறதோ அவ்வடிவமே அதன் தொழிலை முடிவு செய்கிறது. அவ்வடிவத்தின் விதிகளை ஆராய்ந்தவருள் முதன்மையானவர் ஜி. என். இராமச்சந்திரன்.

ஊர்ப்பெயரைச் சுமந்த பிள்ளை

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அந்நாளில் அந்நகர் கொச்சி அரசின்கீழ் இருந்தது. தந்தையார் நாராயண ஐயர். தாயார் இலட்சுமி அம்மாள். குடும்பத்தின் பூர்விகம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கோபாலசமுத்திரம். பிழைப்பின் பொருட்டும் கல்விப்பணியின் பொருட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து சேரநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் இதுவும் ஒன்று. பிள்ளை பிறந்தது எர்ணாகுளத்தில் எனினும், அவருடைய பெயரின் முதலெழுத்தாகக் கோபாலசமுத்திரமே நின்றது. உலகின் அறிவியல் ஏடுகளில் அவர் பெயர் அச்சேறிய இடமெல்லாம், தாமிரபரணிக் கரைநாட்டின் அச்சிற்றூரும் ஓர் எழுத்தாக உடன் சென்றது.

நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கினார். பின்னர் அக்கல்லூரியின் முதல்வராகவும் உயர்ந்தார். வீட்டிலும் கணக்கே பேச்சாக இருந்தது. தந்தையார் புதிர்க்கணக்குகளைக் கொடுப்பார். மகன் அவற்றை விடுவிப்பார். எண்களோடும் வடிவங்களோடும் விளையாடிய அவ்விளம்பருவமே, அணுக்களின் இடைவெளிகளை அளக்கும் பிற்காலப் பணிக்கு அடித்தளமாயிற்று.

1939இல் அவர் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்பு வகுப்பில் சேர்ந்தார். 1942இல் சென்னை மாகாணத்திலேயே முதல் மாணவராகத் தேறினார்.

மனம் நாடிய வழி

மகன் உயர்ந்த அரசுப்பணியில் அமரவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அக்காலத்துக் குடும்பங்களில் அது பெரிதும் மதிக்கப்பட்ட வாழ்வு. தந்தையாரின் சொல்லுக்கு இணங்கி, இரயில்வே பொறியியல் பணிக்கான தேர்வின் பொருட்டு இராமச்சந்திரன் தில்லி வரை சென்றார். ஆயினும் அவர் மனம் அதில் ஒன்றவில்லை. தேர்வில் வெற்றி கிட்டாதது அவருக்குத் துன்பமாகவும் தோன்றவில்லை.

1942இல் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் இயற்பியல் துறைக்கு அப்போது தலைமை தாங்கியவர் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். இளைஞரின் கூர்மதியைக் கண்ட இராமன், மின்பொறியியல் துறையினரிடம் எடுத்துச் சொல்லி, அவரைத் தம் துறைக்கு அழைத்துக்கொண்டார். ஒளி, படிகம், ஊடுகதிர் ஆகியன இராமச்சந்திரனின் ஆய்வுக்களங்கள் ஆயின. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

இதற்கிடையே 1945இல் அவருக்கும் இராஜலட்சுமிக்கும் திருமணம் நடந்தது. ஆய்வே உலகமென வாழ்ந்த கணவருக்கு இல்லத்தின் பொறுப்பு முழுவதையும் ஏற்று, இறுதிவரை உறுதுணையாக நின்றவர் அவ்வம்மையார்.

1947 முதல் 1949 வரை இராமச்சந்திரன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பயின்று இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார். அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளை அங்குக் கேட்டார். உயிர்ப்பொருள்களின் மூலக்கூறுகளையும் படிகங்களைப்போல் அளந்து அறியலாம் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மேலை நாட்டிலேயே தங்கிவிடாமல் 1949இல் பெங்களூருவுக்குத் திரும்பினார்.

சென்னையில் ஒரு புதிய துறை

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறை ஒன்றை நிறுவ விரும்பியது. துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், தலைமை ஏற்குமாறு இராமனை அழைத்தார். இராமன் அதனை ஏற்கவில்லை. தம் மாணவரின் பெயரை முன்மொழிந்தார். அவ்வாறு முப்பது வயதை எட்டும் நிலையிலேயே இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பொறுப்பேற்றார்.

புதிய துறையில் வசதிகள் குறைவு. மேலை நாட்டு ஆய்வுக்கூடங்களோடு கருவிகளால் போட்டியிட இயலாது. எனவே கருவியைவிடச் சிந்தனை மிகுதியாகத் தேவைப்படும் சிக்கல் ஒன்றை அவர் தேடினார். சென்னைக்கு வருகை தந்த ஆங்கிலேய அறிஞர் ஜே. டி. பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் விளங்காமல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இராமச்சந்திரன் அதனையே கையில் எடுத்தார்.

கொலாஜன் நம் உடலில் மிகுதியாக உள்ள புரதம். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு ஆகிய அனைத்திற்கும் உறுதி அளிப்பது அதுவே. விலங்குத் தோலைப் பதப்படுத்துவோர் கையாள்வதும் பெரும்பாலும் கொலாஜனே. சென்னையில் 1948இலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. எனவே கொலாஜனைப் பற்றிய ஆய்வுக்கு அந்நகரம் ஏற்ற இடமாக அமைந்தது.

முப்புரிச் சுருள்

கொலாஜன் இழையின்மீது ஊடுகதிரைச் செலுத்தினால், அக்கதிர்கள் சிதறிப் படத்தாளில் புள்ளிகளாகவும் வளைவுகளாகவும் பதியும். அப்படத்தைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தை உய்த்துணரவேண்டும். நிழலைப் பார்த்து உருவத்தைக் கண்டறிவதற்கு ஒப்பான வேலை அது.

இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் ஒரு வேதியியல் உண்மையை ஊன்றி நோக்கினர். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் ஆகும். அமினோ அமிலங்கள் அனைத்திலும் மிகச் சிறியது கிளைசினே. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்குமானால், அவற்றின் நடுவே உள்ள குறுகிய இடத்தில் மிகச் சிறிய அமினோ அமிலம் மட்டுமே அடங்கும். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் வருமாயின் எல்லாம் பொருந்திவிடும். இவ்வாறு அவர்கள் கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்னும் முடிவுக்கு வந்தனர்.

1954இல் இம்முடிவு நேச்சர் என்னும் ஆங்கில அறிவியல் இதழில் வெளிவந்தது. முதல் வடிவில் மூன்று சங்கிலிகளும் பக்கம் பக்கமாக நின்றன. 1955இல் அதனைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய முப்புரிச் சுருளாக வெளியிட்டனர். தனித்தனிச் சங்கிலிகள் இடப்புறமாகவும், மூன்றும் சேர்ந்த கட்டு வலப்புறமாகவும் முறுக்கேறியுள்ளன. கேரளத்தில் தென்னை நாரைக் கயிறாகத் திரிப்போர் கையாளும் முறையும் இதுவே. இழைகள் ஒரு திசையிலும் கயிறு எதிர்த்திசையிலும் முறுக்கப்பட்டால் கயிறு பிரியாது. உடலின் தசைநாண் அறுபடாமல் இழுவிசையைத் தாங்குவதன் இரகசியமும் இத்தகைய முறுக்கில் அடங்கியுள்ளது.

மறுப்பும் மறுசிந்தனையும்

புகழோடு மறுப்பும் வந்தது. டி. என். ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டறிந்தவருள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அவருடன் ஆய்ந்த அலெக்சாண்டர் ரிச்சும் 1955இல் கொலாஜனைப் பற்றித் தம் கருத்தை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் என்னும் அடிப்படையை அவர்கள் ஏற்றனர். ஆனால் இராமச்சந்திரனின் வடிவில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவிற்கு நெருங்கியுள்ளன என்றனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என அவர் கூறியதையும் மறுத்து, ஒன்றே இயலும் என்றனர்.

உலகம் போற்றும் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மறுப்பு அது. சென்னையில் அப்போதுதான் முளைவிட்டிருந்த ஒரு துறையின் நற்பெயர் அதில் அடங்கியிருந்தது. வாளா இருந்தால் பிழையை ஒப்புக்கொண்டதாக முடியும். சான்றின்றி வாதிட்டால் வீண்பேச்சாக முடியும். இராமச்சந்திரன் இவ்விரு வழிகளையும் விடுத்தார். அணுக்கள் மிக நெருங்கிவிட்டன என்றால், இரண்டு அணுக்கள் எவ்வளவு தொலைவு வரை நெருங்கலாம் என்னும் வினாவை எழுப்பினார். மறுத்தவர்களும் மறுக்கப்பட்டவரும் தத்தம் கணக்கில் பயன்படுத்திய எல்லை எதன்மேல் நின்றது எனத் தேடத் தொடங்கினார்.

அதற்கு முன் அறியப்பட்டிருந்த அமினோ அமிலப் படிகங்களையும் சிறு பெப்டைடுப் படிகங்களையும் அவரும் அவர் மாணவர் வி. சசிசேகரனும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகிய அணுக்கள் பிணைப்பின்றி ஒன்றையொன்று எவ்வளவு அணுகியுள்ளன எனத் தொகுத்தனர். இயல்பாக அணுகும் தொலைவு ஒன்று. அரிதாக அணுகும் கடைசி எல்லை மற்றொன்று என இரண்டு அளவுகளை வகுத்தனர். கொலாஜனைக் காக்கத் தொடங்கிய முயற்சி, கொலாஜனைக் கடந்து எல்லாப் புரதங்களுக்கும் உரிய பொதுவிதியை நோக்கி நடந்தது.

பிற்காலத்தில், 1994இல், கொலாஜனை ஒத்த ஒரு பெப்டைடின் படிகம் நுணுக்கமாக ஆராயப்பட்டது. முப்புரிச் சுருள் உறுதியாயிற்று. நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்பதும் தெளிவாயிற்று. மூலக் கருத்தில் இராமச்சந்திரனும், பிணைப்பின் எண்ணிக்கையில் மறுத்தவர்களும் சரியாகச் சொல்லியிருந்தனர். அறிவியலில் ஒருவரே முழுவதும் வெல்வது அரிது.

இராமச்சந்திரன் வரைபடம்

பெப்டைடுச் சங்கிலியின் ஒவ்வோர் இணைப்பும் தட்டையானது, எளிதில் முறுகாது. சிறு பனையோலை நறுக்குகளை மூலைக்கு மூலை கோத்துக் கட்டியதுபோல அச்சங்கிலியைக் கற்பனை செய்யலாம். நறுக்கு வளைவதில்லை, கோத்த மூலையில் மட்டுமே திரும்பும். அம்மூலையில் இருபுறமும் இரண்டு திருப்பங்கள் உண்டு. அத்திருப்பங்களின் கோணங்களுக்குப் பை, சை என்னும் கிரேக்க எழுத்துகள் பெயராயின. அவ்விரு கோணங்களையும் சங்கிலியின் ஒவ்வொரு மூலைக்கும் குறித்துவிட்டால் சங்கிலி மடியும் வடிவம் முழுவதும் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு கோணமும் 360 பாகை திரும்பலாம் எனில் வடிவங்கள் எண்ணிலடங்கா. ஆனால் எல்லாத் திருப்பங்களும் நிகழா. குறுகிய அறையில் கதவைத் திறந்தால் அது பாதியிலேயே அலமாரியில் இடித்து நின்றுவிடுவதுபோல, சில கோணங்களில் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். எந்தக் கோணங்களில் இடிபடும், எவற்றில் இடிபடாது என்பதைக் கணக்கிடவேண்டும். இன்றைய கணினிகள் இல்லாத காலம் அது. சி. இராமகிருஷ்ணன் என்னும் இளம் ஆய்வாளர் மேசைக் கணக்குப்பொறியின் துணையோடு, கோணங்களைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அணுக்களின் இடைத்தொலைவுகளைக் கணக்கிட்டார்.

1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் மூலக்கூற்று உயிரியல் இதழில் இம்முடிவை வெளியிட்டனர். ஒரு சதுரம், அதன் ஒரு பக்கத்தில் பை, மற்றொரு பக்கத்தில் சை, நடுவே சில திட்டுகள். அத்திட்டுகளுக்குள் அமையும் கோணங்களே இயலும். சதுரத்தின் பெரும்பகுதி சங்கிலிக்கு மறுக்கப்பட்ட நிலம். பாலிங் கண்ட ஆல்பாச் சுருளும், தகடுபோல் விரியும் பீட்டா வடிவமும், கொலாஜனின் முறுக்கும் இயலும் பகுதிகளிலேயே அமைந்தன. மிகச் சிறியதாகிய கிளைசினுக்கு மட்டும் இடம் அகன்றது.

அச்சதுரமே இராமச்சந்திரன் வரைபடம் என உலகெங்கும் வழங்குகிறது. உயிர்வேதியியல் பயிலும் மாணவர் எந்நாட்டினராயினும் அப்பெயரைப் படிக்காமல் கடப்பதில்லை. ஒரு புரதத்தின் வடிவத்தைப் புதிதாகக் கண்டறிந்தோர், தம் முடிவு சரியா எனச் சோதிக்க இன்றும் அவ்வரைபடத்தில் கோணங்களைக் குறித்துப் பார்க்கின்றனர்.

மருந்து சுமக்கும் சங்கிலி

இராமச்சந்திரன் மருந்து எதையும் செய்தவர் அல்லர். மருந்து சுமக்கும் துகள்களைப் பற்றி அவர் ஆராயவும் இல்லை. எனினும் அத்துறையினர் நடக்கும் நிலத்தை அளந்தவர் அவர்.

சர்க்கரை நோய்க்குரிய இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன புரதம். அதனை வாய்வழியே விழுங்கினால், உணவில் உள்ள புரதத்தைச் செரிக்கும் நொதிகள் அதனையும் வெட்டிவிடும். அதனால் அதனை ஊசிவழிச் செலுத்துகின்றனர். நொதிகள் பெப்டைடுச் சங்கிலியை வெட்டும் இயல்பு இங்கே தடையாக உள்ளது. மருந்தைச் சுமக்கும் கூட்டிற்கோ அதே இயல்பு நன்மையாகிறது. கூடு பெப்டைடால் ஆனதாயின், வேலை முடிந்ததும் நொதிகள் அதனை வெட்டும். மிஞ்சுபவை அமினோ அமிலங்கள். உணவிலிருந்து கிடைத்தவற்றைப்போலவே உடல் அவற்றையும் பயன்படுத்திக்கொள்ளும்.

கொலாஜனின் முப்புரி, வெப்பத்தால் பிரிந்தால் கிடைப்பது ஜெலட்டின். கேப்சூல் மாத்திரையின் வழவழப்பான மேலுறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. எனவே, இராமச்சந்திரன் முறுக்கைக் கண்ட அதே சங்கிலி, முறுக்கவிழ்ந்த நிலையில் நெடுங்காலமாக மருந்தைச் சுமந்து வருகிறது. இன்றைய முயற்சி அக்கூட்டைக் கண்ணுக்குப் புலப்படாத அளவிற்குச் சிறிதாக்குவது. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர் எனப்படும். பாக்லிடாக்சல் என்னும் புற்றுநோய் மருந்து நீரில் எளிதில் கரையாது. அதனை ஆல்புமின் என்னும் புரதத்தோடு சேர்த்து, ஏறத்தாழ 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கிய மருந்துக்கு 2005இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

ஆய்வாளர் சிலர் ஒரு படி மேலே சென்று, வேண்டிய வரிசையில் அமினோ அமிலங்களைக் கோத்துப் புதிய சங்கிலிகளைப் படைக்கின்றனர். சுருளாக மடிந்தால் ஒரு குணம்; தகடாக அடுக்கினால் வேறு குணம். சில விரைவில் சிதையும். சில மெல்லச் சிதையும். எவ்வடிவம் இயலும், எது இயலாது என அறிய அவர்களும் 1963இன் அவ்வரைபடத்தையே நாடுகின்றனர்.

பிற்காலம்

இராமச்சந்திரனின் சிந்தனை புரதத்தோடு நின்றுவிடவில்லை. 1971இல் அவரும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும், பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர்ப் படங்களிலிருந்து உடலின் உட்தோற்றத்தை விரைவாகக் கணக்கிட்டு உருவாக்கும் முறையை வெளியிட்டனர். சி. டி. ஸ்கேன் கருவிகள் பரவியபோது அத்தகைய கணக்குமுறை பெரிதும் பயன்பட்டது.

1970இல் அவர் சென்னையிலிருந்து பெங்களூருவுக்குத் திரும்பினார். இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கி, இளைஞர் பலரை உருவாக்கினார். 1961இல் பட்நாகர் விருதும், 1977இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினர் பதவியும், 1999இல் படிகவியலுக்குரிய எவால்டு பரிசும் அவரை வந்தடைந்தன. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை.

முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரை வருத்தியது. 1998இல் மனைவியார் மறைந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இராமச்சந்திரன் சென்னையில் காலமானார்.

திருவனந்தபுரத்தின் ஆய்வுக்கூடத்தில் காயத்தை ஆற்றும் கொலாஜன் திசுவைச் சோதிப்போரும், தொலைநாட்டில் மருந்துக்கூட்டைப் புனைவோரும் அணுக்களுக்கு இடையே அவர் வகுத்த இடைவெளிகளை மதித்தே பணி செய்கின்றனர். தம் வடிவில் பிழை உண்டு எனப் பிறர் சொன்ன நாளில் அவர் சினம் கொண்டு பேனாவை எடுக்கவில்லை, அளவுகோலை எடுத்தார். அதன் பயனை இன்றும் நோயுற்றோர் பெறுகின்றனர்.

சொல்லும் பொருளும்

முப்புரி – மூன்று இழைகளை முறுக்கியது
பூர்விகம் – முன்னோர் வாழ்ந்த இடம்
சீமை – நிலப்பகுதி
ஊடுகதிர் – எக்ஸ் கதிர்
உய்த்துணர்தல் – சான்றுகளைக் கொண்டு அறிதல்
வாளா இருத்தல் – பேசாதிருத்தல்
நறுக்கு – வெட்டிய சிறு துண்டு
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. இராமச்சந்திரனின் பெயரில் உள்ள முதலெழுத்து குறிக்கும் ஊர் __________.
2. கொலாஜனில் மூன்றாம் இடந்தோறும் வரும் அமினோ அமிலம் __________.
3. முப்புரி பிரிந்த கொலாஜனிலிருந்து கிடைப்பது __________.

ஆ. பிரித்து எழுதுக.
1. முப்புரி 2. ஊர்ப்பெயர் 3. அச்சதுரம் 4. இளம்பருவம்

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. இன்சுலினை வாய்வழியே விழுங்கினால் பயன் தராதது ஏன்?
2. கிரிக், ரிச் ஆகியோர் இராமச்சந்திரனின் வடிவில் கண்ட குறைகள் யாவை?
3. பெப்டைடால் ஆன மருந்துக்கூடு உடலில் என்னவாக மாறுகிறது?

ஈ. விரிவான விடை தருக.
மறுப்பை எதிர்கொண்ட இராமச்சந்திரன் மேற்கொண்ட வழியை விளக்கி, அவ்வழி ஏன் சிறந்தது என உன் கருத்தை எழுதுக.

உ. செய்து பார்க்க.
1. மூன்று நூல்களைத் தனித்தனியே இடப்புறமாக முறுக்குக. பின் மூன்றையும் சேர்த்து வலப்புறமாக முறுக்குக. மூன்றையும் ஒரே திசையில் முறுக்கிய கயிற்றோடு ஒப்பிட்டு, எது எளிதில் பிரிகிறது எனக் குறித்து வைக்க.
2. உன் குடும்பத்தார் எந்த ஊரிலிருந்து, எக்காரணம் பற்றிக் கேரளத்திற்கு வந்தனர் என வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுக.